நஞ்சு தேடும் அந்துப்பூச்சி

கிலுகிலுப்பைச் செடிகளை அசைத்தால் பட்டப்பகலிலேயே எழுந்து பறக்கும் சிறு அந்துப்பூச்சி யூடெதீசா புல்கெல்லா. 1758-இல் லின்னேயஸ் விவரித்த இனம். வெள்ளை முன்சிறகு முழுக்கக் கருப்பும் சிவப்புமாகப் புள்ளிகள். விரித்தால் 3 அல்லது 4 சென்டிமீட்டர்தான். ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா, மத்திய ஆசியா, இந்தியா எங்கும் வாழ்கிறது. சில ஆண்டுகளில் பிரிட்டன் வரை பறந்துவிடும். அங்கே குளிர்காலத்தைத் தாண்டாது. நிறம் ஒரு கேள்வி, பரப்பு வேறொரு கேள்வி என்றுதான் தோன்றும். இரண்டையும் தீர்மானிப்பது ஒன்றே என்பேன்: புழுப்பருவத்தில் அது தின்னும் நஞ்சு.

கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் பைரோலிசிடின் அல்கலாய்டுகள் உண்டு. மாடு மேய்ந்தால் ஈரல் கெடும். புழுவோ அதைத் தின்று, சேமித்து, சிறகு முளைத்த பின்னும் உடலில் வைத்திருக்கிறது. இது காவலாகிறதா என்பதை இதன் அமெரிக்க உறவினமான யூடெதீசா ஆர்னாட்ரிக்ஸில் பூச்சியியலாளர் தாமஸ் ஐஸ்னரின் குழு சோதித்தது. கிலுகிலுப்பை தின்று வளர்ந்த பூச்சி வலையில் விழுந்தால், சிலந்தி இழைகளை அறுத்து விடுவித்துவிடுகிறது. நஞ்சில்லாத தீனியில் வளர்ந்ததைத் தின்றுவிடுகிறது. இன்னும் வியப்பு இணைசேர்க்கையில். ஆண் தன் அல்கலாய்டில் ஒரு பங்கைப் பரிசம் போடுவதுபோலப் பெண்ணுக்குக் கொடுக்கிறது. பெண் அதை முட்டைகளுக்குக் கொடுக்கிறது. எவ்வளவு வைத்திருக்கிறது என்பதை ஆணின் மணமே பெண்ணுக்குச் சொல்லிவிடும், அந்த மணமும் அதே நஞ்சிலிருந்து பிறப்பதால். அமெரிக்க இனத்தின் சான்று நம்முடையதற்குப் பொருந்துமா என்று கேட்கலாம். புல்கெல்லாவின் உடலிலும் இந்த அல்கலாய்டுகளைக் கண்டறிந்திருக்கிறார்கள். வலைச் சிலந்திக்குப் பார்வை மங்கல்தானே, நிறம் எதற்கு என்றால், அது சிலந்திக்கானதல்ல. பகலில் கண்ணால் இரை தேடும் பறவைகளுக்கான எச்சரிக்கை.

பரப்பும் இப்படியே. அடர்காட்டில் இதைத் தேடிப் பயனில்லை. தரிசு, சாலையோரம், வறண்ட புல்வெளி என்று அந்தச் செடிகள் நிற்கும் இடமே இதன் நாடு. அந்த ஓரங்களைத்தான் களை என்று சொல்லி மருந்தடித்துக் கருக்குகிறோம். வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நீல வரியன் போன்ற வண்ணத்துப்பூச்சிகளும் இதே அல்கலாய்டுக்காகக் கிலுகிலுப்பையை மொய்க்கின்றன. கிலுகிலுப்பையின் உறவான சணப்புப் பயிரை இந்த அந்துப்பூச்சியின் புழு தின்கிறதே என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் பசுந்தாள் உரத்துக்கு விதைத்த சணப்பைப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிடுகிறோம். இந்தப் புழு காய்க்குள் இருக்கும் விதையையும் தின்னும். ஆக, விதைக்காகச் சணப்பை முற்றவிடுபவருக்கே இது பெரிய கவலை. சாலையோரத்துக்கு மருந்தடிக்க அது காரணமாகாது.