மருந்துடன் மருந்துச் சீட்டும் உடன் வரட்டும்

தொப்பூர்க் கணவாய்ச் சாலை வழியே சேலத்திற்கும் பெங்களூருவிற்கும் பயணம் செய்யும் நோயாளிகள் சிலர், சோதனையில் சிக்கல் நேருமோ என அஞ்சி, வலிப்பு மாத்திரைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்வதை நாங்கள் காண்கிறோம். இவ்வச்சம் தேவையற்றது, மருந்தைத் திடீரென நிறுத்துவதே பேராபத்து.

குளோனசெபாம், குளோபசாம், பினோபார்பிட்டால், டிரமடால் போன்ற மருந்துகள் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்திற்கு உட்பட்டவை என்பது உண்மையே. ஆயினும், அச்சட்டத்தின் கீழுள்ள விதிகள், சொந்த மருத்துவத் தேவைக்காக ஒருவர் ஒரு நேரத்தில் 100 மருந்தளவுகள் வரை வைத்திருக்க இடமளிக்கின்றன. நீண்டகாலச் சிகிச்சைக்கெனப் பதிவுபெற்ற மருத்துவர் குறிப்பாக எழுதித் தந்திருப்பின் 300 வரை வைத்திருக்கலாம்.

எனவே, மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். மருந்தின் பெயரும் காலாவதி நாளும் அட்டையில்தான் உள்ளன. நோயாளியின் பெயர், மருந்தின் அளவு, தேதி, மருத்துவரின் கையொப்பம் ஆகியவை கொண்ட சீட்டையும் கடை ரசீதையும் உடன் வையுங்கள். கைப்பேசியில் படமும் இருக்கட்டும். பிறருக்கு எழுதப்பட்ட இத்தகைய மருந்துகளை, உறவினர் கேட்டாலும், நீங்கள் சுமந்து செல்லாதீர்கள்.

வெளிநாடு செல்வோருக்கு அந்நாட்டுச் சட்டமே பொருந்தும். ஐக்கிய அரபு அமீரகம் இத்தகைய மருந்துகளுக்கு முன்அனுமதி கோருகிறது. பயணத்திற்குப் போதிய நாள்களுக்கு முன்பே புறநோயாளர் பிரிவில் எங்களிடம் தெரிவியுங்கள். தேவையான சான்றுக் கடிதத்தை எழுதித் தருகிறோம்.