குழந்தைப் பருவக் கோப்புகள்: யாருடைய இரகசியம்?

பெற்றோரிடம் வளர்ந்த ஒருவருக்குத் தம் குழந்தைப் பருவத்தைப் பற்றிய செய்திகள் வீட்டிலேயே கிடைத்துவிடுகின்றன. எந்த வயதில் நடை பழகினார், எந்த நோய் கண்டு தேறினார், முதலில் சேர்ந்த பள்ளி எது என்பனவற்றைத் தாயோ பாட்டியோ மூத்த உடன்பிறந்தாரோ சொல்லிவிடுவர். அரசின் பொறுப்பில், வளர்ப்புக் குடும்பங்களிலும் விடுதிகளிலும் மாறி மாறி வளர்ந்தவருக்கு அவ்வாறு சொல்வார் எவருமிலர். அவருடைய இளமையைப் பதிவு செய்து வைத்திருப்பது நலத்துறை அலுவலகத்தின் கோப்பு ஒன்றே.

வளர்ந்தபின் அக்கோப்பைத் திறந்து பார்க்கும் உரிமை அவருக்கு உண்டா? உண்டெனில், அதில் பிறர் கூறியவற்றையும் பிறரைப் பற்றி எழுதப்பட்டவற்றையும் அவர் படிக்கலாமா? அவரைத் தவிர வேறு யார் அதனைப் படிக்கலாம்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயன்ற நாடுகளுள் பிரித்தானியாவின் அனுபவம் ஊன்றி நோக்கத்தக்கது.

அந்நாட்டில் இவ்விவாதத்திற்கு அடிகோலியது காஸ்கின் வழக்கு. 1959இல் பிறந்த இவர், தாயார் இறந்தபின் 1960இல் லிவர்பூல் நகர மன்றத்தின் பராமரிப்பில் சேர்க்கப்பட்டார். 18 வயது நிரம்பும் வரை, அதாவது 1977 வரை, பெரும்பாலும் வளர்ப்புப் பெற்றோரிடமே வாழ்ந்தார். அப்பராமரிப்பில் தமக்குக் கொடுமைகள் இழைக்கப்பட்டன என்றும், அவற்றின் பாதிப்பிலிருந்து மீளத் தம் கடந்தகாலத்தை அறிவது இன்றியமையாதது என்றும் கூறி, அவர் தம் கோப்பைக் கோரினார். நகர மன்றம் மறுத்தது. 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அம்மறுப்பை ஏற்றது.

அம்மறுப்பை நியாயமற்றதெனத் தள்ளிவிட இயலாது. குழந்தை நலக் கோப்பு ஒருவர் எழுதிய ஏடன்று. மருத்துவர், ஆசிரியர், காவலர், சமூகப் பணியாளர், வளர்ப்புப் பெற்றோர், அண்டை வீட்டார் எனப் பலர் தந்த செய்திகளின் தொகுப்பு அது. காஸ்கினின் கோப்பில் 46 பேர் அளித்த ஏறத்தாழ 352 ஆவணங்கள் இருந்தன. தாம் கூறுவது வெளிவராது என்ற நம்பிக்கையிலேயே இத்தகையோர் வாய் திறக்கின்றனர். அந்நம்பிக்கை குலைந்தால், ஒரு குழந்தை அடிபடுவதைக் கண்ட அண்டை வீட்டார் நாளை மௌனமாகிவிடக்கூடும். ஆகவே இரகசியம் காப்பது, இன்று ஆபத்திலிருக்கும் குழந்தைக்கும் அரணாகிறது என்பதே அதிகாரிகளின் வாதம்.

பின்னர் நகர மன்றம், செய்தி தந்தோரிடம் தனித்தனியே இசைவு கேட்டது. 19 பேர் இசைந்தனர். 65 ஆவணங்கள் அவருக்குக் கிடைத்தன. எஞ்சியவை மூடியே கிடந்தன. இசைவு மறுத்தோரின் ஆவணங்களேயன்றி, தேடியும் கிடைக்காதோர், விடையே எழுதாதோர் ஆகியோரின் ஆவணங்களும் அவற்றுள் அடங்கும்.

வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை அடைந்தது. 1989 ஜூலை 7ஆம் நாள், 11 நீதிபதிகள் ஒருபுறமும் 6 நீதிபதிகள் மறுபுறமுமாகத் தீர்ப்பு வெளிவந்தது. செய்தி தந்தோரின் இசைவைக் கேட்கும் முறை தவறன்று என அந்நீதிமன்றம் ஏற்றது. ஆயினும் இசைவு கிடைக்காதபோதும், தக்க காரணமின்றி மறுக்கப்படும்போதும், கோப்பைக் காட்டலாமா என இறுதியாக முடிவு செய்யச் சுதந்திரமான ஓர் அமைப்பு வேண்டும். அத்தகைய அமைப்பு இல்லாமையால் காஸ்கினின் தனிவாழ்வு, குடும்ப வாழ்வு உரிமை மீறப்பட்டது என்று கூறியது. கோப்பு முழுவதையும் பெறும் உரிமை எவருக்கும் உண்டு என அது கூறவில்லை. கோப்பை வைத்திருப்பவரே அதன் நீதிபதியாகவும் இருத்தலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அக்குறை உடனே நீங்கிவிடவில்லை. 1960களில் பராமரிப்பில் இருந்த மற்றொருவர் 1995இல் தம் கோப்பைக் கோரியபோதும் முறையிடுவதற்குச் சுதந்திர அமைப்பு இருக்கவில்லை. 1998ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிறகே அவ்வழி திறந்தது. இடைப்பட்ட காலத்திற்கு உரிமை மீறல் நிகழ்ந்தது என 2002இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்று 2018ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதனோடு இயைந்த விதிகளும் இதனை நெறிப்படுத்துகின்றன. எழுத்திலோ வாய்மொழியிலோ ஒருவர் தம் கோப்பைக் கோரலாம். பொதுவாக ஒரு மாதத்துள் விடையளிக்க வேண்டும். சிக்கலான கோரிக்கையாயின் மேலும் இரு மாதங்கள் நீட்டிக்கலாம். கடமையின் பேரில் எழுதிய சமூகப் பணியாளரின் பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஆவணத்தை மறைத்தல் இயலாது. ஒருவரது உடலுக்கோ மனத்துக்கோ கடுந்தீங்கு நேரும் எனக் கருதினால் மறைக்கலாம். உயிரோடிருக்கும் உறவினரைப் பற்றிய செய்தியாயின், அவரது இசைவையும் சூழ்நிலையையும் சீர்தூக்கி முடிவு செய்ய வேண்டும்.

நடைமுறையில் இது கறுப்பு மை பூசிய பக்கங்களாகவே பலரை வந்தடைகிறது. தாயின் நோய், உடன்பிறந்தார் அனுப்பப்பட்ட இடம், தந்தையின் சிறைவாசம் ஆகியன அவர்களுடைய அந்தரங்கமே. ஆனால் தாம் ஏன் வீட்டைவிட்டு அகற்றப்பட்டோம் என்ற வினாவுக்கு விடையும் அவ்வரிகளிலேயே இருக்கிறது. ஒரே நிகழ்வு இருவருக்குச் சொந்தமாயிருக்கும்போது, ஒருவரின் அந்தரங்கத்தைக் காப்பது மற்றவரின் வரலாற்றை மறைப்பதாக முடிகிறது. இதனைச் சட்டவிதி ஒன்றால் மட்டும் தீர்த்துவிட முடியாது. ஒவ்வொரு வரியையும் பொறுமையுடன் எடை போடும் அலுவலர் வேண்டும்.

மூன்றாவது வினா இதனினும் நுட்பமானது. இங்கிலாந்தில் இத்தகைய கோப்புகள், உரியவர் பிறந்த நாளிலிருந்து 75 ஆண்டுகள் வரை காக்கப்பட வேண்டும் என்பது விதி. உரிமையாளர் தேடி வரும்போது கோப்பு அழிந்திருக்கலாகாது என்ற வகையில் இது நல்லதே. ஆயினும் அதே நீண்ட காலம், பத்து வயதுச் சிறுவனைப் பற்றி எவரோ எழுதிய கடுஞ்சொற்களும் அழியாமல் நிற்கின்றன. அச்சிறுவன் வளர்ந்து தந்தையாகும் வேளையில், அவனுடைய தகுதியை அளக்க அப்பழைய ஏடு புரட்டப்படுமோ என்ற அச்சம் பராமரிப்பில் வளர்ந்தோரிடையே உண்டு. பிழையானதைத் திருத்தக் கோரவும், குறையானதைத் தம் விளக்கத்தைச் சேர்த்து நிறைவு செய்யவும் சட்டம் இடமளிக்கிறது. இவ்வுரிமையை அறிந்தோர் அதனைப் பயன்படுத்துதல் நலம்.

கனடாவின் உச்ச நீதிமன்றம் 2017இல் இதற்கு இயைபான ஒரு தீர்ப்பை வழங்கியது. பூர்வகுடிக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளிகளில் துன்புற்றோர், இழப்பீடு கோரி அளித்த இரகசிய வாக்குமூலங்களைப் பற்றியது அது. 38,000க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் அவ்வாறு பதிவாகியிருந்தன. நாட்டின் வரலாற்றுக்காக அவற்றைக் காக்க வேண்டும் என அரசு வாதிட்டது. நீதிமன்றமோ, 15 ஆண்டுகள் வைத்திருந்து பின் அழித்துவிட வேண்டும். அதற்குள் தம் வாக்குமூலத்தைக் காக்க விரும்புவோர் அவ்வாறு தெரிவு செய்யலாம் என்ற ஏற்பாட்டையே உறுதி செய்தது. வெளிப்படுத்துவதும் மறைப்பதும் துன்புற்றவரின் விருப்பம் என்பதே இதன் பொருள்.

காஸ்கின் தீர்ப்பு வெளிவந்த அதே 1989இல், நவம்பர் திங்களில், ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதன் 8ஆம் பிரிவு குழந்தையின் அடையாளத்தையும் 16ஆம் பிரிவு அந்தரங்கத்தையும் காக்கின்றன. பெற்றோரற்ற குழந்தைக்கு உரிய பராமரிப்பு வகைகளைக் கூறும் 20ஆம் பிரிவு, வளர்ப்புக் குடும்பம், தத்து ஆகியவற்றோடு இஸ்லாமியச் சட்டத்தின் கஃபாலா முறையையும் பெயர் சுட்டி ஏற்கிறது. வளர்க்கப்படும் குழந்தை தன் வம்சாவழியை இழக்காமலே அடைக்கலம் பெறுவது கஃபாலாவின் இயல்பு. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்தம் தந்தையர் பெயராலேயே அழைக்கப் பணிக்கும் அல் அஹ்ஸாப் அத்தியாயமும், பிறர் குறைகளைத் துருவுவதைத் தடுக்கும் அல் ஹுஜுராத் அத்தியாயமும் இவ்விரு மதிப்புகளையும் ஒருங்கே போற்றுகின்றன. தன் வேரை அறிதல் ஒன்று. பிறர் அந்தரங்கத்தில் நுழையாதிருத்தல் மற்றொன்று.

ஆகவே கோப்பு எழுதுவோரின் கடமை எழுதும் கணத்திலேயே தொடங்குகிறது எனலாம். இக்குழந்தை ஒருநாள் வளர்ந்து வந்து இவ்வரியைப் படிக்கும் என்ற நினைவோடு எழுதப்படும் கோப்பில், மறைக்க வேண்டியன குறைவாகவே இருக்கும்.