தொகுப்புக்கும் ஒரு பேர் வேண்டும்

இம்மலருக்குக் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் கல்வெட்டு பற்றித்தான் எழுதுவேன் என்று அன்பர்கள் நினைத்திருக்கலாம். இம்முறை கணினி பற்றி எழுதுகிறேன். அத்துறையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

போன தசராவுக்கு முந்தின நாள், மைசூரு சந்தேப்பேட்டையில் உள்ள எங்கள் மளிகைக் கடையில் பில் போடுவது நின்றுவிட்டது. வாசல் வரை வரிசை. பில் போடும் பையனைச் சத்தம் போட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

விஷயம் இதுதான். கணக்கெல்லாம் தரவுத்தளத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதனோடு புதிதாக இணைப்பு ஏற்படுத்தினால் நேரமாகும். ஆகவே சில இணைப்புகளைத் திறந்தே வைத்திருந்து, எடுத்துப் பயன்படுத்தித் திருப்பி வைப்பார்கள், கடைக்குப் பொதுவான தராசு மாதிரி. இதுவே கனெக்‌ஷன் பூல், அதாவது இணைப்புத் தொகுப்பு. ஜாவாவில் இதற்குப் பெரிதும் வழங்குவது ஹிகாரிசிபி. ஹிகாரி என்றால் ஜப்பானிய மொழியில் ஒளி. 2018இல் வந்த ஸ்பிரிங் பூட் 2.0 முதல் அதில் இதுவே இயல்பான தொகுப்பு. நாம் வேறு சொல்லாவிட்டால் 10 இணைப்புகள் வரை வைத்துக்கொள்ளும். ஒன்றும் காலியில்லை என்றால் 30 விநாடி பார்த்துவிட்டுப் பிழை எழுதும்.

எங்கள் மென்பொருளின் பதிவில், 'ஹிகாரிபூல்-2' என்பதில் இணைப்பு கிடைக்கவில்லை என்றிருந்தது. இரண்டு என்றால் எது? பேர் வைக்காத தொகுப்புக்கு அது தானே எண் போட்டுக்கொள்ளும். அந்த எண் உருவான வரிசையைச் சொல்லுமே தவிர, செய்யும் வேலையைச் சொல்லாது. தேடிப் பிடிக்க ஒரு நாள் ஆயிற்று. சரக்கு இருப்பு அறிக்கைப் பகுதி, எடுத்த இணைப்புகளைத் திருப்பித் தரவில்லை. பில் போடுமுன் இருப்பு பார்க்க வேண்டுமே, அதனால் பில்லும் நின்றது.

பிறகு 'பூல்நேம்' என்னும் அமைப்பில் 'கடை-பில்', 'கடை-இருப்பு' என்று பேர் கொடுத்தோம். இப்போது பதிவின் வரிகளில் அந்தப் பேரே வருகிறது. எத்தனை இணைப்பு வேலையில், எத்தனை சும்மா, எத்தனை பேர் காத்திருப்பு என்ற கண்காணிப்புக் கணக்கும் பேர்வாரியாகத் தெரிகிறது. ஜேஎம்எக்ஸ் வழியாகக் கண்காணிப்பவர்கள் பேரில் முக்காற்புள்ளி வைக்கக் கூடாது.

ஆரணியில் என் தகப்பனார் பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு எழுதாமல் வரவு எழுத மாட்டார். அதை நான் மறந்தேன். பேர் தெரியாத குற்றம் எளியவன் தலையில்தான் விழும். பையனிடம் வருத்தம் தெரிவித்தேன்.