ஒருவர்கூட பிழைக்காத கப்பலில் இப்போது ஹவுஸ்ஃபுல்!

122 பேரோடு கிளம்பிய ஒரு கப்பல், ஆள் ஒருவர்கூட மிஞ்சாமல் மாயமாகிவிட்டால் எப்படி இருக்கும்? அதுவும் 47 வருஷம் எங்கே கிடக்கிறது என்றே தெரியாமல்? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடலில் 'யோங்கலா' என்ற நீராவிக் கப்பலுக்கு நடந்தது இதுதான். இன்று உலகெங்கும் உள்ள ஸ்கூபா பிரியர்கள் 'ஒரு தடவையாவது அங்கே இறங்கிப் பார்த்துவிட வேண்டும்' என்று துடிக்கும் இடமும் இதுதான்!

1911 மார்ச் 23. மக்கே துறைமுகத்திலிருந்து டவுன்ஸ்வில் நோக்கிப் புறப்பட்டது யோங்கலா. கப்பல் இன்னும் கரையிலிருந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்போதே புயல் எச்சரிக்கைத் தந்தி வந்துவிட்டது! கொடி காட்டினார்கள். பலன் இல்லை. வயர்லெஸ்ஸில் சொல்லலாமே என்கிறீர்களா? கப்பலில் வயர்லெஸ்ஸே கிடையாது! அதற்கான கருவி அப்போதுதான் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டிருந்ததாம். அன்று மாலை ஒரு கலங்கரை விளக்கக் காவலர் அந்தக் கப்பலைப் பார்த்தார். அதுதான் கடைசி!

ஆஸ்திரேலியக் கடலில் யோங்கலாவுக்கு அது எத்தனையாவது பயணம் தெரியுமா? 99!

பயணிகளில், மாலுமிகளில் ஒருவருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு உடல் மட்டும் கரை ஒதுங்கியது. யாருடையது? 'மூன்ஷைன்' என்ற பந்தயக் குதிரையுடையது!

அதற்கப்புறம் தேடோ தேடென்று தேடினார்கள். 'பேய்க் கப்பலாக வந்தது, நான் பார்த்தேன்' என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு! 1943-ல் கண்ணிவெடி அகற்றும் கப்பல் ஒன்றுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது. ஏதோ மணல்திட்டு என்று நினைத்து வரைபடத்தில் குறித்து வைத்ததோடு சரி. கடைசியில் 1958-ல்தான் முக்குளிப்பவர்கள் கீழே இறங்கிப் பார்த்தார்கள். கப்பல் கிடக்கிறது! ஆனால் எந்தக் கப்பல்?

இங்கேதான் ஒரு துப்பறியும் கதை. உள்ளே ஒரு இரும்புப் பெட்டகம் இருந்தது. மேலே தூக்கினார்கள். தங்கமா, பவுன் நோட்டா என்று எல்லோருக்கும் படபடப்பு! திறந்தால்... வெறும் கறுப்புச் சேறு! ஏமாற்றம்தான். ஆனால் பெட்டகத்தின் மேல் ஒரு தொடர் எண் பாதி அழிந்தும் அழியாமலும் இருந்தது. அந்த எண் இங்கிலாந்தில் பெட்டகம் செய்த 'சப்' கம்பெனிக்குப் போனது. அவர்கள் பழைய கணக்கைப் புரட்டிச் சொன்னார்கள்: 'இது யோங்கலாவுக்காகச் செய்து கொடுத்தது!' அரை நூற்றாண்டுப் புதிரை அவிழ்த்தது ஒரு பெட்டகக் கம்பெனியின் பேரேடு! புதையல் கிடைத்திருந்தால்கூட இவ்வளவு சுவாரசியம் இருந்திருக்காது.

டைட்டானிக் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதற்கு ஒரு வருஷம் முன்பே மூழ்கிய யோங்கலா? வெறும் 30 மீட்டர்! மேல்பகுதி 16 மீட்டரிலேயே கைக்கு எட்டிவிடும். நீளம் 109 மீட்டர். உடைந்து சிதறாமல், வலப்பக்கமாகச் சாய்ந்து, முழுசாகப் படுத்திருக்கிறது!

சரி, மீன்கள் ஏன் இங்கே வந்து மொய்க்கின்றன? சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை மொட்டை மணல். பாறை இல்லை, பவளத்திட்டு இல்லை. ஒட்டிக்கொள்ள ஒரு பிடிமானம் வேண்டும் என்று தவிக்கும் பவளக் குஞ்சுகளுக்கும் சிப்பிகளுக்கும் இந்த இரும்பு ஒன்றுதான் கதி! நீரோட்டம் வேளாவேளைக்கு மிதவை உயிரிகளைக் கொண்டுவந்து கொட்டுகிறது. சின்ன மீன் அதைத் தின்ன வரும், பாரையும் சீலாவும் சின்ன மீனைத் தின்ன வரும், சுறா அவற்றைத் தேடி வரும். போதாததற்கு இங்கே தூண்டில் போடவும் தடை!

இங்கே உலாவும் ராட்சதக் களவா மீனைப் பார்த்தால் மூச்சே நின்றுவிடும் (ஸ்கூபாவில் அது மட்டும் கூடவே கூடாது!). இந்த இனம் 2.7 மீட்டர் நீளம், 400 கிலோ எடை வரை வளரக்கூடியது. நம்ம ஊர் ஆட்டோ ரிக்‌ஷா நீந்தி வந்தால் எப்படி இருக்கும்? அப்படி! தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

வாலால் வெளிச்சத்தை உணரும் பாம்பு உண்டு என்றால் நம்புவீர்களா? இந்தக் கப்பலில் தாராளமாகத் திரியும் ஆலிவ் நிறக் கடல் பாம்புதான் அது! பொந்துக்குள் பதுங்கும்போது வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், வெளிச்சம் பட்டதுமே உள்ளே இழுத்துக்கொள்ளும். கொடிய விஷம் உண்டு. ஆனால் ஆசாமி பெரும்பாலும் வம்புக்கு வரமாட்டார், வேடிக்கை பார்க்கத்தான் வருவார். டைவர்களின் முகக்கண்ணாடிக்கு நேரே வந்து, 'யாருப்பா நீ?' என்பதுபோல் உற்றுப் பார்த்துவிட்டுப் போவார்!

இங்குள்ள பெரிய மீன்களின் வாய்க்குள்ளேயே புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கும் விரல் நீளத் துப்புரவு மீன்கள் தெரியுமா? ஓர் ஆணுக்குப் பல பெண்கள் என்ற குடும்பம். ஆண் செத்துவிட்டால்? இருப்பதிலேயே பெரிய பெண் சில மணி நேரத்தில் ஆணைப்போல அதிகாரம் செய்ய ஆரம்பிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் நிஜமாகவே ஆணாகிவிடும்!

ஆமை, திருக்கை எல்லாம் இங்கே சர்வசாதாரணம். குளிர்காலத்தில் போனால் திமிங்கிலம் பாடுவதுகூடக் கேட்கும். எந்தத் திசையிலிருந்து என்று மட்டும் கண்டுபிடிக்கவே முடியாது! தண்ணீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கும் மேல் வேகமாகப் போவதால் இரண்டு காதுகளுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்துவிடுகிறது.

30 மீட்டர் ஆழத்தில் விரலில் கீறல் பட்டால் ரத்தம் என்ன நிறத்தில் தெரியும்? பச்சை! சிவப்பு வெளிச்சம் அங்கே எட்டுவதே இல்லை. அங்கே மேலே இருப்பதைப்போல நான்கு மடங்கு அழுத்தம், அதனால் சிலிண்டர் காற்றும் நான்கு மடங்கு வேகமாகக் காலி!

கப்பலுக்குள் நுழையலாமா? கூடவே கூடாது! உள்ளே இன்னும் மனித எலும்புகள் இருக்கின்றன. இது கல்லறை. தொடுவதற்கும் தடை, எடுப்பதற்கும் தடை. வெளியே நீந்தியபடி பார்க்க மட்டும்தான் அனுமதி.

1911-ல் புயல் மூழ்கடித்தது. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 2011 பிப்ரவரியில் 'யாசி' என்ற இன்னொரு பயங்கரப் புயல் அதே கடற்கரையைத் தாக்கியது! கப்பலைப் போர்த்தியிருந்த மென்பவளங்களைப் பல இடங்களில் வழித்தெடுத்துவிட்டது. அப்புறம்? மறுபடியும் முளைக்க ஆரம்பித்துவிட்டன!

இன்னொன்று சொன்னால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். 47 வருஷம் யாரும் உறுதியாகக் கண்டுபிடிக்காமல் கிடந்த இந்தக் கப்பல், ஆல்வா கடற்கரையிலிருந்து படகில் எவ்வளவு தூரம் தெரியுமா? அரை மணி நேரம்! ஆனால் அது திறந்த கடல், அலை தூக்கித் தூக்கிப் போடும். கிளம்பும் முன் வாந்தி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொள்வது உத்தமம்!