வெயில் வரவும் விளக்குச் செலவும்

கார்த்திகை பிறந்துவிட்டால் வேங்கிக்காலில் சில நாட்கள் அண்ணாமலையின் உச்சியே கண்ணில் படாது, மேகம் போர்த்திக்கொண்டிருக்கும். "இந்த மூட்டத்தில் சூரியனை நம்பிக் குடித்தனம் நடத்த முடியுமா?" என்று, மாடியில் சூரியத் தகடு பதிக்க எண்ணும் இல்லத்தரசி கேட்பது நியாயந்தானே? பதில் சொல்லுமுன் உங்களை லடாக்குக்கு அழைத்துப் போகிறேன். கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்!

லே நகருக்கு அருகே, சிந்து நதிக்கரையில், ஃபே என்று ஒரு கிராமம். 1988-ல் தோன்றிய 'செக்மால்' என்ற கல்வி இயக்கத்தின் பள்ளி அங்கே இருக்கிறது. பத்தாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். தை மாத இரவுகளில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரிகூட இறங்கும். ஆயினும் அங்கே விளக்கு எரிவது சூரிய மின்சாரத்தில். அறைகள் வெதுவெதுப்பாக இருப்பதும் சூரியனால்தான்.

அது எப்படி என்கிறீர்களா? தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம், வெப்பம் அல்ல. 25 டிகிரிக்கு மேல் சூடேறினால், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவிகிதம் சக்தி குறைந்துவிடும். ஆகவே குளிர் அதற்குச் சிநேகிதம்!

இன்னொரு யுக்தியும் உண்டு. அறையைச் சூடாக்க அவர்கள் மின்சாரத்தை விரயம் செய்வதில்லை. கனத்த மண் சுவர்கள். தெற்குப் பக்கம் பெரிய ஜன்னல்கள். குளிர்காலத்தில் அவற்றின் வெளியே ஒளி புகும் பிளாஸ்டிக் திரை. பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் திருப்பித் தருகிறது. நாம் கற்க வேண்டிய பாடம் இதுதான்: சூடு நேரே சூரியனிடமிருந்து, மின்சாரம் விளக்குக்கு.

இனி வேங்கிக்காலுக்குத் திரும்புவோம். இங்கே பகை குளிரல்ல, மேகம். ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அடைமழை நாளில் அதில் கால் பங்கோ, இன்னும் குறைவோதான்.

செலவைப் பாருங்கள். 9 வாட் பல்பு நான்கு, ஐந்து மணி நேரம். 30 வாட் சிக்கன மின்விசிறி ஒன்று, பத்து மணி நேரம். இரண்டும் சேர்ந்து அரை யூனிட்டுக்குள் அடங்கும். ஆனால் 2,000 வாட் கெய்சர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டை விழுங்கிவிடும். இரண்டு நாள் விளக்கும் காற்றும் ஒரு குளியலில் போச்சு!

மூன்று நாள் மூட்டத்தைத் தாக்குப்பிடிக்க, விளக்குக்கும் விசிறிக்கும் ஒன்றரை யூனிட் சேமிப்பு வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரி 1.8 யூனிட் கொள்ளும். அது நெடுநாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆகவே இரண்டு பாட்டரி. கெய்சரையும் சேர்த்தால் ஐந்தாறு! வெந்நீரை அடுப்போ, மாடியில் உள்ள சூரிய வெந்நீர்த் தொட்டியோ பார்த்துக்கொள்ளட்டுமே.

இன்னொரு எச்சரிக்கை. மத்திய அரசு 2024-ல் தொடங்கிய 'சூரிய வீடு' திட்டத்தில் 3 கிலோவாட் தகட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். அது தெருக் கம்பியோடு இணைந்த ஏற்பாடு. பாட்டரி இல்லாவிட்டால், கம்பியில் மின்சாரம் நின்றதும் பட்டப் பகலில்கூட அதுவும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு. "கரண்ட் போனால் எங்கள் வீட்டில் விளக்கு எரியுமா?" என்று பணம் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.

மளிகைக் கணக்கு எழுதும் நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தச் சாமான் எத்தனை வாட், எத்தனை மணி என்று இன்றே எழுதிப் பாருங்கள். தகடு விற்பவரைக் கூப்பிடுவது அப்புறம் ஆகட்டும்.