வீட்டை விற்கும் முன்...

கல்யாணம், மருத்துவம் என்று அவசரத்துக்கு வீட்டை விற்கும்போது, சின்னச் சின்னக் குறைகளைக் காட்டியே விலையைக் குறைப்பார்கள். எனவே ஒழுகும் குழாய், எரியாத பல்பு, விழாத தாழ்ப்பாள் ஆகியவற்றை முதலில் சரிசெய்யுங்கள். அறையை அடைத்துக் கிடக்கும் பழைய சாமான்களை அப்புறப்படுத்துங்கள். சுவரில் ஓதம் இருந்தால் கசிவை அடைத்து, சுவர் நன்கு காய்ந்த பிறகே பெயிண்ட் அடியுங்கள். ஈரத்தின் மேல் அடித்தால் உரிந்துவிடும். சரிசெய்ய முடியாத குறையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்து விற்பது மார்க்கத்தில் கூடாது.

மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது ஆகியவற்றை எடுத்து வையுங்கள். மர்ஹூம் தகப்பனார் பெயரிலுள்ள வீடானால், தாயார், சகோதரிகள் உட்பட வாரிசுகள் அனைவரிடமும் அட்வான்ஸ் வாங்கும் முன்பே பேசிவிடுங்கள். அவர்கள் கையெழுத்து இல்லாமல் விற்பனை நிறைவேறாது.