சுல்தானின் ஒப்பனை அறை: கொஞ்சம் எட்டிப் பார்ப்போமா!

வாருங்கள், வாருங்கள்! செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கொலுசுச் சத்தம் கேட்காமல் உள்ளே வாருங்கள். திருவண்ணாமலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் நடு அறையில் இப்போது ஒரு பெரிய வேலை நடக்கப் போகிறது. ஃபேன் மெதுவாக ஓடுகிறது. டிவியை அணைத்தாயிற்று. தரையில் பழைய பருத்திப் புடவை ஒன்றை நான்காக மடித்து விரித்திருக்கிறோம். அதன் மேல், மத்தியானச் சாப்பாடு முடித்த மயக்கத்தில் நான்கு கால்களையும் நாலு திசைக்கு நீட்டிக் கிடக்கிறாரே, அவர்தான் சுல்தான். வெள்ளை வெளேரென்ற பெர்சியன் பூனை.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “எப்படிங்க இவ்ளோ முடியைச் சிக்கே இல்லாம வச்சிருக்கீங்க?” அந்த அழகுக்குப் பின்னால் நடப்பது அத்தனையையும் இன்றைக்குத் திறந்து காட்டிவிடப் போகிறேன். சொல்வதற்கு முன்பே எனக்குக் குதூகலம் தாங்கவில்லை!

முதலில் நாக்கின் கதை

“பூனைதான் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் பண்ணிக்குமே, அதுக்குப் போய்ச் சீப்பு எதுக்கு?” இதற்கான பதில் 2018-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்திலிருந்து வந்தது. அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் வீட்டுப் பூனை முதல் சிங்கம், புலி, பனிச்சிறுத்தை வரை ஆறு இனங்களின் நாக்கை ஆராய்ந்தார்கள். பூனை நாக்கு சொரசொரவென்று இருக்கிறதல்லவா? அந்த முட்களின் நுனியில் குட்டிக் குட்டிப் பள்ளம் இருக்கிறதாம்! வாயிலிருந்து எச்சிலை அள்ளிக்கொண்டுபோய் முடியின் அடிவரை சேர்ப்பது அந்தப் பள்ளங்கள்தான். ஒரு நாக்கில் இப்படி ஏறக்குறைய 290 முட்கள்.

இங்கேதான் சுல்தான் வகையறாவுக்குச் சிக்கல். பெர்சியன் பூனையின் முடி அத்தனை நீளம், அத்தனை அடர்த்தி. நாக்கு முட்களால் தோலைத் தொடவே முடிவதில்லை என்று அதே ஆய்வு சொல்கிறது. முடி வளர்ந்தது போதும் என்று நிறுத்தச் சொல்லும் எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணு, நீளமுடிப் பூனைகளில் மாறிப்போயிருக்கிறது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் மாறிய பிரதி வந்தால்தான் குட்டிக்கு நீளமுடி. ஆக, முடி நீண்டது; நாக்கு நீளவில்லை. நாக்கு எட்டாத மிச்ச வேலையைச் செய்வதற்குத்தான் நம் கையில் சீப்பு. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்குச் சீவுவது வேலையாகவே தோன்றவில்லை. சுல்தான் பாதி, நாங்கள் பாதி!

சிக்கு ஒளிந்திருக்கும் இடங்கள்

மேலாக முதுகைத் தடவிப் பார்த்து “ஆஹா, வழவழன்னு இருக்கு” என்று ஏமாந்துவிடாதீர்கள். சிக்கு முதுகில் ஆரம்பிப்பது குறைவு. காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குளில், வயிற்றில், தொடை இடுக்கில், வாலின் அடியில், கழுத்துப்பட்டை உராயும் இடத்தில் தேடுங்கள். வெளியே தெரிவது மேல்முடி. அதற்குக் கீழே மெல்லிய அடிமுடி இருக்கிறது. உதிர்ந்த அடிமுடி வெளியே விழ வழியில்லாமல் மேல்முடிக்குள் மாட்டிக்கொள்ளும். நடக்க நடக்க உராயும். எச்சிலும் எண்ணெய்ப்பசையும் வேலூர் ரோட்டுப் புழுதியும் சேரும். ஈரமும் உராய்வும் சேர்ந்தால் ஆட்டு ரோமம் இறுகிக் கம்பளித் தகடாவதைப் போலத்தான் இதுவும் இறுகுகிறது. இறுகிய சிக்கு ஒவ்வோர் அடிக்கும் தோலைப் பிடித்து இழுக்கும். அடியில் காற்றுப் படாமல் ஈரம் தங்கிப் புண்ணாகும். தெள்ளுப்பூச்சிக்கு நல்ல ஒளிவிடம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் திறக்கிறேன், பாருங்கள்! ஒரு பக்கம் அகலப் பல், மறு பக்கம் நெருக்கப் பல் உள்ள ஸ்டீல் சீப்பு. அத்தையின் பேன் சீப்பு. தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்க இதைவிடச் சிறந்த கருவி கிடையாது. சூப்புக்குக் கரைத்து ஊற்றும் கார்ன்ஃப்ளார், ஒரு சிறிய டப்பாவில். வேகவைத்துப் பிய்த்த கோழிக்கறித் துணுக்கு. உப்பு இல்லை, மசாலா இல்லை. அவ்வளவுதான்! கத்தரிக்கோலைத் தேடுகிறீர்களா? அது பீரோவுக்குள் பூட்டியிருக்கிறது. காரணம் கொஞ்ச நேரத்தில்.

இதோ, ஆரம்பம்!

அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். என் மகள் கறித் துணுக்குடன் சுல்தானின் முகத்துக்கு எதிரே. விரல் முதலில் போகிறது, சீப்பு பிறகுதான். இன்றைக்கு இடது காதுக்குப் பின்னால் கோலி அளவுக்கு ஒரு முடிச்சு தட்டுப்பட்டிருக்கிறது. அதன் மேல் ஒரு சிட்டிகை கார்ன்ஃப்ளார் தூவி விரலால் தேய்க்கிறார். மாவு எண்ணெய்ப்பசையை உறிஞ்சிக்கொள்ளும். முடியும் முடியும் வழுக்கி விலகும்.

“இங்க பாரு பாப்பா, முடிச்சுக்கும் தோலுக்கும் நடுவுல இறுக்கிப் புடிச்சிக்கணும். அப்பதான் இழுத்தாலும் அவனுக்கு வலிக்காது.”

“ஆயா, இவன் கண்ணைத் தொறந்துட்டான்!”

“தொறக்கட்டும். கறியக் காட்டு.”

முடிச்சை முடி வளரும் திசையிலேயே விரலால் பிரித்து இரண்டாக்குகிறார்; இரண்டை நாலாக்குகிறார். அதன் பிறகுதான் அகலப் பல் சீப்பு, அதுவும் நுனியிலிருந்து. நுனி அவிழ்ந்ததும் கொஞ்சம் உள்ளே. அது அவிழ்ந்ததும் இன்னும் கொஞ்சம். வேரிலிருந்து இழுத்தால் முழு முடிச்சும் சேர்ந்து இறுகும். நுனியிலிருந்து போனால், ஆஹா, இதோ பொலபொலவென்று உதிர்கிறது பாருங்கள்! எங்களுக்குக் கைதட்டத் தோன்றுகிறது, சுல்தானுக்காக அடக்கிக்கொள்கிறோம்.

ஐந்து நிமிடம் ஆனதும் நிறுத்திவிடுவோம். வால் படார் படாரென்று அடித்தாலோ, காது பின்னால் மடிந்தாலோ, முதுகுத் தோல் சிலிர்த்து அலைந்தாலோ அதற்கு முன்பே நிறுத்திவிடுவோம். மிச்சம் நாளைக்கு. கோபத்தில் முடிந்தால் அடுத்த நாள் சீப்பைக் கண்டாலே கட்டிலுக்கடியில்தான் தேட வேண்டும். கறித் துணுக்கோடு முடிந்தால் தானாகவே புடவை மேல் வந்து படுப்பார்.

செய்யவே கூடாதவை

இப்போது கத்தரிக்கோல். பூனையின் தோல் மெல்லியது, தளர்வானது. சிக்கு இழுக்கும்போது தோலும் கூடாரமாக மேலே எழும்பி முடிச்சுக்குள் நுழைந்திருக்கும். நமக்கு முடி மட்டும்தான் தெரியும். ஒரு நறுக்கில் தோல் கிழிந்து தையல் போடும் அளவுக்குப் போய்விடும். வேண்டவே வேண்டாம்!

சிக்கோடு குளிப்பாட்டவும் கூடாது. தண்ணீர் பட்டுக் காய்ந்தால் முடிச்சு இன்னும் இறுகும். முதலில் சிக்கு, பிறகுதான் குளியல். நம் தலைக்குச் செய்கிற பழக்கத்தில் தேங்காய் எண்ணெய் தடவினால் புழுதி முழுவதும் அதில் ஒட்டும். நாய்க்கு விற்கும் தெள்ளுப்பூச்சி மருந்து கைவசம் இருந்தாலும் பூனை பக்கம் கொண்டுபோகாதீர்கள்; அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு, உயிரே போகலாம்.

முடிச்சு தோலோடு ஒட்டித் தகடாகிவிட்டதா? அடியில் சிவந்திருக்கிறதா, நாற்றம் வருகிறதா? அது வீட்டு வேலை இல்லை. கால்நடை மருத்துவரின் வேலை. அவர் தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்து, கிளிப்பர் வைத்துப் பக்குவமாக மழித்துவிடுவார். முடி திரும்ப வளரும், கவலை வேண்டாம். இத்தனை நாள் ஒழுங்காக நக்கிக்கொண்டிருந்த பூனைக்குத் திடீரென்று முதுகிலும் வாலடியிலும் சிக்கு விழுந்தாலும் காட்டிவிடுங்கள். உடல் பருத்தோ, மூட்டு வலித்தோ திரும்பி நக்க முடியாமல் போயிருக்கலாம். பல் வலியும் இருக்கலாம்.

பௌர்ணமிக்கு விடுமுறை

எங்கள் வீட்டுச் சீப்புக்கு மாதம் ஒரு நாள் லீவு! பௌர்ணமி கிரிவலத்துக்கு ஊரே திரண்டு வரும் அன்று வேலூர் ரோட்டில் ஹாரன் ஓயாது. காது விடைத்துக்கொண்டு திரியும் பூனையைப் பிடித்து உட்கார வைப்பது அதற்கும் துன்பம், நமக்கும் கீறல். கார்த்திகை தீபத்துக்கு மலை உச்சியில் ஜோதி ஏறுகிற நாளும் அப்படியே. முந்தின நாளே சிக்கெடுத்து முடித்துவிடுவோம்.

“பூனைக்கா இவ்ளோ மெனக்கெடுறீங்க?” என்று யாராவது கேட்டால் அத்தை ரமணாசிரமத்தைக் கைகாட்டுவார். பசு லட்சுமிக்கும், மானுக்கும், காகத்துக்கும், நாய்க்கும் சமாதி எழுப்பிய இடம் இந்த ஊரில் இருக்கிறது. உயிருள்ள பூனைக்கு ஒரு நாளில் ஐந்து நிமிடம் கொடுக்க முடியாதா நம்மால்?

சரி, இப்போது உங்கள் முறை! இன்றிரவு உங்கள் வீட்டு நீளமுடிக்காரர் மடியில் வந்து படுத்ததும் காதுக்குப் பின்னால், அக்குளில், வாலடியில் மெல்ல விரல் விட்டுப் பாருங்கள். சின்ன முடிச்சு ஒன்று தட்டுப்பட்டால் சந்தோஷப்படுங்கள். சின்னதாக இருக்கும்போதே அகப்பட்டுவிட்டது! ஒரு சிட்டிகை மாவு, வேரில் ஒரு பிடி, நுனியிலிருந்து சீப்பு. நிதானமாக ஆரம்பியுங்கள்.